பன்னிரண்டு ட்ரோன்களும் என் மீசையும்

என் மீசையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். தொலைபேசி இலாகாவில் முப்பத்தாறு வருடம் கம்பம் ஏறியபோது மீசையில் இரண்டு தடவை காகம் முட்டையிட்டது. உடுவிலில் நான் தும்மினால் அதன் நுனி பருத்தித்துறையில் அசையும். அந்த மீசையைத்தான் பிரசாந்தியிடம் பந்தயம் வைத்தேன்.

பிரசாந்தி என் நண்பன் குகதாசனின் மகள், பொறியியலாளர். பன்னிரண்டு சின்ன ட்ரோன்களைக் கூட்டமாகப் பறக்கவிட்டு ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் அதை அவள் விளக்கிக்கொண்டிருந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"உந்தக் கூட்டத்தை நான் தனி ஆளாய் மறிப்பன்."

"ஏலாது மாமா. ஒண்டை விழுத்தினால் மிச்சம் அதின்ரை வேலையைப் பங்குபோட்டுச் செய்யும். பட்டாளக்காரரே உதுக்குப் பயம்."

"ரேடியோவைக் குழப்பினால்?"

"கமராவாலை ஒண்டையொண்டு பாத்துப் பறக்கும். முன்னுக்குப் பறக்கிறதின்ரை பச்சை லைற்றுக்குப் பின்னாலை போகும்."

"பற்றரி?"

"இருபது நிமிசம். அதுதான் குறை. அதுக்குள்ளை இதுகள் போடுற ஒரு மாப்பொட்டலம் உங்கடை தண்ணித் தாங்கியிலை விழுந்தாலும் மீசை போச்சு. விழாட்டி ஒரு வருசத்துக்கு உங்கடை வெங்காயத்துக்கு நான் மருந்தடிக்கிறன்."

"ஓம்," என்றேன். மீசை லேசாக நடுங்கியது உண்மைதான்.

தை மாதம், பொழுது சாயும் நேரம். அனுமதிக் கடிதமெல்லாம் எடுத்தாயிற்று. சங்கம் முழுவதும் என் வீட்டு வளவில் கூடி நிற்க, குகதாசன் கையில் மணிக்கூட்டோடு நடுவராக நின்றான். பனைகளுக்கு மேலால் பன்னிரண்டும் இரைந்துகொண்டு வந்தன.

கெற்றப்போலை எடுத்து, ரப்பரை இழுத்து முதல் கல்லை விட்டேன். ஒன்று விழுந்தது. அடுத்த கல் இன்னொன்றின் கமராவை நொறுக்க, அது தள்ளாடிப் பனைகளுக்குள் மறைந்தது. மற்றப் பத்தும் திகைக்கவேயில்லை; ஒழுங்காக நெருங்கி இடைவெளியை அடைத்துக்கொண்டன.

"விடு!" என்று கத்தினேன். மனைவி பாலேஸ்வரி எட்டுமூலைப் பட்டத்தைத் தூக்கி விட்டாள். அதன் நெஞ்சில் பச்சை பல்ப் எரிந்தது.

பட்டம் காற்றில் ஏறியதும் பத்து ட்ரோன்களும் திரும்பிவிட்டன! நான் நூலை விட விட, தேருக்குப் பின்னால் போகும் சனம் மாதிரி, பட்டத்துக்குப் பின்னாலேயே வெங்காயத் தோட்டத்துப் பக்கம் போயின. பட்டம் ஆடினால் அவையும் ஆடின. பற்றரி முடிய முடிய ஒவ்வொன்றாகப் பாத்திகளில் போய்க் குந்தின.

சங்கம் கைதட்டியது. கீரிமலை வரை கேட்டிருக்கும். நான் மீசையை முறுக்கினேன்.

டொப்!

தாங்கியின் மூடியெல்லாம் வெள்ளை மா. மேலே, கமரா உடைந்த அந்த ஒன்று.

"பத்தொன்பதே முக்கால் நிமிசம்," என்றான் குகதாசன்.

"உது ஏன் பட்டத்துக்குப் பின்னாலை போகேல்லை?"

"கண்ணை நீங்கள்தானே உடைச்சனீங்கள், மாமா!" பிரசாந்தி சிரிப்பை அடக்க முடியாமல் துள்ளினாள். "தாங்கியின்ரை இடத்தை அதுக்கு நான் முதலே சொல்லி வைச்சிட்டன். உங்கடை பச்சை லைற்றைப் பாக்கக் கண்ணில்லை. நேரை வந்திட்டுது!"

"பேசாமல் விட்டிருக்கலாம், உங்கடை கெற்றப்போலை," என்றாள் பாலேஸ்வரி.

மறுநாள் சலூனில் மீசையை எடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. ஒருவர் நடுவில் களைத்து உட்கார்ந்துவிட்டார். பரவாயில்லை. இப்போது சங்கத்தில் வான்பாதுகாப்பு ஆலோசகர் நான்தான். பன்னிரண்டில் பதினொன்றை வென்றவன் இந்தக் குடாநாட்டில் வேறு யார் இருக்கிறான்?