சனிக்கிழமைச் சாயம்

சித்தூரிலிருந்து திருப்பதி வரும்வரை பஸ் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் நான்தான் துள்ளி விழுந்தேன். மடியில் கிடந்த பென்னி ஒருமுறைகூடத் திடுக்கிடவில்லை. பிறந்து இரண்டு மாதம். கண்கள் வெளிர்நீலம், ஏதோ குளிர்தேசத்துப் பிள்ளை வழிதவறி என்னிடம் வந்ததுபோல.

“ஏன் கேசியா நெளிஞ்சிக்கினே இருக்க?” என்றார் மாமியார் ஞானசௌந்தரி. “எங்க வூட்ல நாலு தலமுறையா கொயர்ல பாடறவங்க. செவுடு எங்கேர்ந்து வரும்?”

துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துக்கொண்டேன்.

அங்கே ஒரு கற்றை முடி எனக்குப் பிறவியிலேயே வெள்ளை. ஞாயிறு ஆராதனையில் யாரும் அதைப் பற்றிப் பேசக்கூடாதென்று, எட்டு வயதிலிருந்து சனிக்கிழமைதோறும் அம்மா கருப்புச் சாயம் பூசுவாள். அவளுக்கும் அதே கற்றை; வலது காது கேட்காது. கல்யாணத்துக்குப் பிறகு நானே கதவைத் தாழிட்டுப் பூசினேன். என் கணவர் ஜெர்ரிக்குக்கூடத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தரணி பென்னியின் காதில் சிறு குழாயை வைத்து ஒலி அனுப்பிப் பார்த்தார்.

“ரெண்டு காதும் பதில் தரல. காதுல நீர் இருந்தாலும் இப்படி வரும், மூணு மாசம் பொறுத்துப் பாக்கலாம். ஆனா கண்ணு நீலமா இருக்கே... குடும்பத்துல யாருக்காவது முன்முடி வெள்ளையா இருக்கா?”

“முடிக்கும் காதுக்கும் இன்னாம்மா சம்மந்தம்?” என்றார் மாமியார்.

“மத்த ஜீன்களை எப்போ வேலை செய்யணும்னு முடுக்கிவிடற புரதம் ஒண்ணு இருக்கு. அதுல கோளாறுன்னா நிறம் தர்ற செல்லுங்க சரியா போய்ச் சேராது. முடி வெளுக்கும், கண்ணு நீலமாகும். உள்காதுக்கும் அந்த செல்லுங்க வேணும். அப்படி இருந்தா தானா சரியாகாது, ஒரு நாள்கூட காத்திருக்கக் கூடாது.”

“எங்க பக்கம் இல்ல. இவ பக்கமும் இல்ல. பொண்ணு பாக்கறப்போ முடியப் பாத்துதான் முடிச்சோம்.”

மூன்று மாதம். நான் சும்மா இருந்தால் போதும், யாருக்கும் தெரியாது.

துப்பட்டாவை எடுத்துவிட்டு, டாக்டரின் விளக்குக்குக் கீழே குனிந்து வகிடைப் பிரித்தேன். அன்று வெள்ளிக்கிழமை; சாயம் பூசிய ஆறு நாளில் வேரில் எள்ளளவு வெள்ளை வளர்ந்திருந்தது.

“அடிப்பாவி,” என்றார் மாமியார். “எங்கிட்டயே மறச்சிக்கினு இருந்தியே.”

“அடுத்த டெஸ்ட் இப்பவே பண்ணிடலாம்,” என்றார் டாக்டர். “அதுக்குக் குழந்தை தூங்கணும்.”

நான் தட்டிக்கொடுத்தும் அவன் தூங்கவில்லை. மாமியார் பென்னியைப் பிடுங்கிக்கொண்டார். பாட வாயெடுத்தவர் சட்டென நிறுத்தினார். பிறகு அவன் கன்னத்தைத் தன் தொண்டையோடு ஒட்டி அணைத்துக்கொண்டு, பாடத் தொடங்கினார்.