மெனேஜர் மக்கீனின் கையெழுத்து

கண்டியில் குண்டு வெடித்த அந்த வருஷம், மாத்தளை கொங்காவெலயில் ஸஹாப்தீனின் தேத்தண்ணிக் கடையில் பேசப்பட்டதெல்லாம் ஒரே விஷயம்தான். யுனைட்டட் ஸ்டார் உதைபந்தாட்டக் கழகத்துக்கு அடுத்த மெனேஜர் யார்? பழைய மெனேஜர் கட்டாருக்கு லொறி ஓட்டப் போய்விட்டார்.

பேசியவர்களில் உரத்த தொண்டை மக்கீனுடையது. பெரிய வீதியில் செருப்புக்கடை வைத்திருந்தார். வயது நாற்பத்தாறு. பள்ளிக்கூட நாளில் ஒரே ஒரு தடவை பந்தை உதைத்து, கால்விரல் நகம் பெயர்ந்து, அத்தோடு விளையாட்டை விட்டவர். ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று விளையாடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. யாருடைய பெயர் அடிபட்டாலும் அதைச் சாய்த்துவிட்டுத்தான் தேத்தண்ணியைத் தொடுவார்.

தபால் கந்தோர் நல்லையாவின் பெயர் வந்தது.

"அவரா? அனுப்புற கடிதமே ஒழுங்கா போய்ச் சேருதில்ல. பந்த கோலுக்குள்ள சேர்ப்பாரா?" என்றார் மக்கீன். நல்லையா பக்கத்து வாங்கிலேயே இருந்தார்.

கழகத் தலைவர் யாகூப் ஹாஜியாருக்குத் தானே மெனேஜராகவும் இருந்துவிட ஆசை. அவருடைய மச்சினன் முஹம்மதுதான் ரைட் பெக்கில் ஆடுபவன். எதிரணிக்காரர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்த கதவு என்று நினைத்து வந்து போவார்கள்.

"ஹாஜியார் வந்தா, மச்சினன் சாகும் வரைக்கும் டீம்ல ஈப்பான்" என்று மக்கீன் அதையும் முடித்தார்.

எல்லாரையும் இப்படி அடித்து விழுத்தினால் மிச்சம் இருப்பது யார் என்று சபைக்குத் தானாகவே விளங்கும் என்பது அவருடைய எண்ணம். தன் பெயரைத் தானே சொல்வது மரியாதையில்லை. யாராவது சொல்லட்டும் என்று மூன்று கிழமையாகக் காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை.

நாலாவது கிழமை ஹாஜியார் ஒரு கடதாசியோடு வந்தார். பொலிஸிலிருந்து வந்தது. நாட்டு நிலைமை அப்படி. டவுன் மைதானத்தில் மெச் நடத்த வேண்டுமானால் ஒவ்வொரு டீமின் மெனேஜரும் ஆட்டக்காரர்களின் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அடியில், 'இவர்கள் அனைவருக்கும் நானே பொறுப்பு' என்று கையெழுத்துப் போட வேண்டும்.

யுனைட்டட் ஸ்டாரின் பதினொரு பேரில் ஐந்து பேர் எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வருபவர்கள். தமிழ் இளைஞர்கள். அந்த நாளில் சும்மா பஸ் ஏறினாலே இறக்கி விசாரிக்கப்படுகிற வயது.

ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு சுகர் கூடியீக்கி. டொக்டர் வெயில்ல நிக்க வாணான்டு சொல்லிட்டார்."

"நானும் கவர்ன்மென்ட் உத்தியோகம் பாக்கிற ஆளு. இதுல எல்லாம் பேர் வரப்படாது" என்றார் நல்லையா. போன கிழமை வரை டீமுக்குப் பத்து வருஷத் திட்டம் சொன்னவர் அவர். ஸஹாப்தீனுக்கு உள்ளே பால் பொங்குகிற ஞாபகம் வந்துவிட்டது.

"ஒரு வேல செய்வோம்" என்றார் ஹாஜியார். "இந்தத் தடவ தோட்டத்து ஆக்கள விட்டுட்டு ஆடுவோம். ஒரு கரச்சலும் இல்ல."

"கோல் அடிக்கிறது யாரு? ஒங்கட மச்சினனா?" என்று கேட்டார் மக்கீன். லெப்ட் விங்கில் ஓடுகிற மாரிமுத்து இல்லாவிட்டால் டீம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப தோட்டத்துக் கணக்கப்புள்ள மாடசாமியவே மெனேஜராப் போடுவோம். அவங்கட ஆளுகளுக்கு அவரே பொறுப்பா ஈக்கட்டுமே" என்றார் ஹாஜியார்.

மக்கீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோட்டோரத்தில் வெள்ளைத் தொப்பியோடு மாடசாமி நின்று கத்துவதையும், டவுன் முழுக்க அவரை 'மெனேஜர்' என்று கூப்பிடுவதையும் ஒரு கணம் மனதில் பார்த்தார். பொறுக்கவில்லை.

"கொண்டாங்க பேனாவ" என்றார்.

வீட்டில் அவர் மனைவி நூருன்னிஸா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "என்ன எழுதியிருந்திச்சின்டாவது வாசிச்சீங்களா?"

பத்திரம் சிங்களத்தில் இருந்தது. சிங்களம் நன்றாகப் பேசுவார் மக்கீன். வாசிக்கத்தான் வராது. அதை ஒப்புக்கொள்ளாமல், "மெனேஜர்மார் வாசிக்கிறதில்ல, கையெழுத்து மட்டுந்தான் போடுற" என்றார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. அது பயத்தினாலா சந்தோஷத்தினாலா என்று அவருக்கே தெரியவில்லை.

முதல் மெச் ஞாயிற்றுக்கிழமை. மக்கீன் புதுத் தொப்பியோடு வந்து நின்றார். எல்கடுவ பஸ்ஸில் நாலு பேர்தான் வந்தார்கள். மாரிமுத்து இல்லை. செக்பொயின்டில் இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பொலிஸ்காரர் மைதானத்துக்குள் வந்து, மெனேஜர் யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

அத்தனை விரல்களும் மக்கீனை நோக்கி நீண்டன. யுனைட்டட் ஸ்டார் ரசிகர்கள் எல்லாரும் ஒரே கருத்தில் நின்றது அன்று ஒருநாள்தான்.

பொலிஸில் மாரிமுத்து, டீமின் பச்சைச் சட்டையோடு சுவரோரம் குந்தியிருந்தான். அடையாள அட்டையில் கீழ்ப் பிரிவு லயம் என்றிருந்தது. கொடுத்த பட்டியலில் மேல் பிரிவு என்றிருந்தது. இரண்டு விலாசம் வைத்திருப்பவனைச் சும்மா விடுவார்களா? பட்டியலுக்கு விவரம் சொன்னவர் மக்கீன். பேரும் புகழும் கிடைத்த அவசரத்தில், யாரையும் கேட்காமல், மேலோ கீழோ ஒன்றுதானே என்று சொல்லிவிட்டிருந்தார்.

"இவனைத் தெரியுமா?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

நான் செருப்புக் கடைக்காரன், பந்து பார்க்க மட்டும் போகிறவன் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாரிமுத்து தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"தெரியும் மஹத்தயா. என்ட ஆள்தான். பிழையாச் சொல்லிக் குடுத்தது நான்" என்றார் மக்கீன்.

அதைச் சொல்ல ஒரு நிமிஷம். எழுதி, கையெழுத்து வாங்கி, தோட்டத்துக்குப் போன் போட்டுக் கேட்டு முடிக்க ஐந்து மணித்தியாலம். அத்தனை நேரமும் புதுத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாங்கிலில் இருந்தார். பின்னேரம்தான் இருவரையும் விட்டார்கள்.

வெளியே வந்ததும் மாரிமுத்து கேட்டான்: "மெச்சு என்னாச்சுங்க மொதலாளி?"

ஸஹாப்தீனின் கடைக்குப் போனபோது தெரிந்தது, ஐந்துக்கு ஒன்று என்று தோல்வி. நாலு கோல் முஹம்மதுவின் பக்கத்தால் வந்தவை.

மாரிமுத்துவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் மக்கீன்மேல் பாய்ந்தார்கள்.

"ஹாஃப் டைம்ல ஆள மாத்துறதுக்கு மெனேஜர் இல்ல! எங்க போய் இருந்தீங்க?" என்றார் நல்லையா.

"இப்படிப் பொறுப்பில்லாத ஒரு மெனேஜர நான் கண்டதே இல்ல. வேற ஆளப் போடத்தான் வேணும்" என்றார் ஹாஜியார்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மக்கீன் ஒரு பணிஸை எடுத்துக் கடித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து, பொலிஸில் கொடுத்துவிட்ட புதுப் பத்திரத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

"அடுத்த ஞாயிறுக்கு வேற கையெழுத்து வேணுமாம். யாரு போடுற?"

ஸஹாப்தீன் உள்ளே போனார். ஹாஜியாருக்கு அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. நல்லையா மழை வரும் போலிருக்கிறதே என்று வானத்தைப் பார்த்தார்.

அப்படியாக மக்கீன் மூன்று வருஷம் மெனேஜராக இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் திட்டு வாங்கினார். அவரை இறக்க மட்டும் யாராலும் முடியவில்லை. பட்டியலை நூருன்னிஸா எழுதினாள். அவளுக்குச் சிங்கள எழுத்து நன்றாக வரும். எழுதுவதற்கு முன் தோட்டத்து ஆட்களைச் செருப்புக்கடைக்கு வரவழைத்து ஒவ்வொருவருடைய அட்டையையும் கையில் வாங்கிப் பார்த்தாள். அவள் எழுதிய முதல் பட்டியலிலேயே முஹம்மதுவின் பெயர் விடுபட்டிருந்தது. ஹாஜியார் வந்து சத்தம் போட்டார்.

"அவனுக்கு மட்டும் என்னால பொறுப்பெடுக்க ஏலா ஹாஜியார்" என்றார் மக்கீன்.

ஞாயிறு காலைகளில் அவரே செக்பொயின்டுக்குப் போய் எல்கடுவ பஸ்ஸுக்காக நின்றார். ஐந்து பேரும் இறங்கி, அட்டைகளைக் காட்டி, இந்தப் பக்கம் வந்து சேரும் வரைக்கும் விரல் மடித்து எண்ணிக்கொண்டே நிற்பார். வந்து சேர்ந்ததும், போன கிழமை பந்தைப் பாஸ் பண்ணாமல் தனியே கொண்டு ஓடியதற்காக மாரிமுத்துவை நடுரோட்டில் நிறுத்தி ஏச ஆரம்பிப்பார்.