பதினேழாம் பாகத்தில் ஆறு வாளி

கடல்சுவர் ஓரத்தில் அந்தப் பலகையை நட்டபோது குழி தோண்டியது நான்தான். அப்போது எனக்கு எழுத்து தெரியாது. சுவரில் வேறு என்ன எழுதுவார்கள், இங்கே ஒன்றுக்குப் போகாதே என்றுதான் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பதினாறு வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முட்டி தேய்ந்து வேலை நின்ற பிறகு மகள் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தாள். ஐம்பத்தெட்டு வயதில் பென்சில் பிடிப்பது கடப்பாரை பிடிப்பதைவிடக் கஷ்டம். போன வருஷம் ஒரு நாள் நடக்கப் போனவன், பலகை முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். இந்தச் சுவர் நூறு ஆண்டுகளுக்குப் பின் வாழப்போகிறவர்களுக்காகக் கட்டப்பட்டது என்று இருந்தது. பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினேழாம் பாகத்தில் நாங்கள் தண்ணீர் ஊற்றியிருந்தோம்.

சுவரைப் பாகம் பாகமாகத்தான் கான்கிரீட்டில் வார்த்தோம். காலையில் எஞ்சினியரம்மா வந்து கலவையின் பதம் பார்ப்பார். சோதனைக்கு நாலு கட்டி வார்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். மத்தியானத்துக்கு மேல் வெயிலில் கலவை இறுகும். மண்வெட்டி இறங்காது, தோள் கழன்றுபோகும். ஒரு வாளி தண்ணீர் விட்டால் இளகி ஓடும், ஆனால் பலம் போய்விடும். எங்கள் வேலையில் எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரும் ஊற்றுவார்கள்.

அந்த அம்மா எங்களை நிறுத்திச் சொல்லியும் இருந்தார். நூறு வருஷம் நிற்க வேண்டிய சுவர், அதற்குள் கடல் எவ்வளவு ஏறும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, கலவையிலாவது சந்தேகம் இருக்கக் கூடாது என்றார். கலவை மிஷின் ஓட்டியவன் என் மச்சான், மனைவியின் தம்பி. "நூறு வருஷம் கழிச்சு வர்றவன் நமக்கு ஒரு டீ வாங்கித் தருவானா மாமா?" என்று காதோடு கேட்டான். சிரித்தேன். அன்று ஐந்து மணி பஸ்ஸைப் பிடிப்பதற்காக ஆறு வாளி ஊற்றினோம். நாலு நான், இரண்டு அவன். பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைத்தது.

பலகையைப் படித்த அன்றே மச்சானிடம் போய், சுவர் கட்டிய ஆபீசில் சொல்லப்போகிறேன் என்றேன். படிக்கக் கற்றுக்கொண்டு இப்படி வினையைத் தேடிக்கொள்ளவா என்று திட்டித் தீர்த்தான். கடைசியில் குரல் இறங்கியது. "என் பேரை மட்டும் இழுத்துடாத மாமா. என் மருமகனுக்கு அந்த ஆபீஸ்லதான் வேலை."

எஞ்சினியரம்மா இப்போது அங்கே பெரிய அதிகாரி. தலை நரைத்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டுக் கோபப்படவில்லை. பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தார். கட்டிகள் நாலும் நன்றாகத் தேறியிருந்தன. எல்லாம் காலையில் எடுத்தவை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஈரத்தோட வழிச்சுப் போட்டிருப்போம்," என்றார். "ஒரு நாள் வேலைதான் போயிருக்கும்."

ஆள் அனுப்பித் துளை போட்டுப் பார்த்தார்கள். இடிக்கிற அளவுக்கு மோசமில்லை, ஆனால் மற்ற பாகங்களின் பலம் இல்லை. எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டேன்.

"தெரியாது. யாராவது பார்த்துக்கிட்டே இருக்கணும்."

நானே பார்க்கிறேன் என்றேன். எழுதி வைக்க ஒரு நோட்டு கொடுத்தார். மாதம் ஒருமுறை முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, சுவரைக் கையால் தடவிப் பார்க்கிறேன். இதுவரை மயிரிழையாக இரண்டு விரிசல். அளந்து, தேதி போட்டு எழுதியிருக்கிறேன். வேலையில்லாத மனுஷன் என்கிறாள் மனைவி. உண்மையில் இத்தனை வருஷ வேலையில் யாருக்காக என்று யோசித்துச் செய்தது இது ஒன்றுதான். அதுவும் கெடுத்த பிறகு.

எனக்குப் பிறகு மகள் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் பிறகு யாரோ. அந்த யாரோவுக்காக முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: பதினேழாம் பாகம், கீழிருந்து மூன்றடி, ஆறு வாளி தண்ணீர். ஆறும் நான் ஊற்றியது.