பந்தல்குடி வரைக்கும் ஓர் இடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. அருப்புக்கோட்டையில் என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே பிளவுஸ் தைக்கும் தங்கச்செல்வி, கரண்ட் போன ஒரு மத்தியானத்தில் சொன்னது. கரண்ட் இருந்திருந்தால் அவர் மெஷினும் என் மெஷினும் ஓடியிருக்கும், இந்தக் கதை இருந்திருக்காது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகத் தூத்துக்குடிப் பக்கம் போய், பாய்மரப் படகில் ஏறி, ஒரு தீவைப் பார்க்கக் கிளம்பினார். பறவைகளுக்கும் ஆமைகளுக்கும் என்று விட்டுவைத்திருக்கிற தீவு. (பெயரைச் சொல்லமாட்டேன். நான் பார்த்ததில்லை, வம்பு எதற்கு?)

2

முதல் தொடக்கம்: "நீலக் கடலின் மேல் வெண்பாய் விரித்து..."

அடித்துவிட்டேன். எங்கள் கண்மாயிலேயே தண்ணீர் பார்த்து நாளாகிறது, கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

இரண்டாம் தொடக்கம்: "படகில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி."

இது ஓடியது. அந்த மனிதர் அவளுக்குப் பறவைகளைக் காட்டினார், தீவில் இறங்கக் கை கொடுத்தார், இருவரும் மணலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். (கதையில்தான் 'அவள்'. கடைத்தெருவில் 'அவுக'.)

எழுதியதைத் தங்கச்செல்வியிடம் வாசித்துக் காட்டினேன். ஊக்கு தைத்துக்கொண்டே கேட்டார்.

"யாருண்ணே இந்த ஆளு?"

"சும்மா... கதைக்காக."

"எம் பக்கத்துல என் பைதான இருந்துச்சு? அப்பறம், நான் தீவுல எறங்கவே இல்லையே! அதத்தான அன்னைக்குச் சொன்னேன். காதுலயே வாங்கலையா?"

வாங்கவில்லை. அவர் தனியாகப் போனார் என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டிருந்தேன்.

3

நடந்தது இதுதான். (என் சரக்கு எதுவும் சேர்க்கவில்லை.)

படகில் மற்றவர்கள் எல்லாம் ஒரே குடும்பம், கடற்கரை ஊர்க்காரர்கள். முறுக்குச் சம்படம் கைமாறிக்கொண்டிருந்தது. இவரிடமும் ஒருமுறை நீட்டினார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். காற்று இதமாக இருந்தது, யாருக்கும் அவசரமில்லை. தூரத்தில் பச்சையாகத் தீவு தெரிந்தது, மேலே பறவைகள் சுற்றின. அப்போது கிழக்கே மேகம் திரண்டது. நல்ல கருமேகம்.

மேகத்தைக் கண்டால் திருச்சுழிப் பக்கம் பிறந்தவர் என்ன செய்வார்? தங்கச்செல்வி எழுந்து நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். "வா தாயி, நல்லாக் கொட்டு!" என்று வாய்விட்டுச் சொன்னார்.

கைமாறிக்கொண்டிருந்த முறுக்குச் சம்படம் பாதியில் நின்றது.

"ஏம்மா, நடுக்கடல்ல நின்னுக்கிட்டு மழையக் கூப்பிடுதியளே, வெளங்குமா? உக்காருங்க!" என்று படகோட்டி கத்தினார். படகைத் திருப்பினார். தீவு பின்னால் போனது. கரை சேரும்வரை அந்தக் குடும்பத்தில் ஒருவரும் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த குழந்தையைக்கூடத் தள்ளி உட்கார வைத்துக்கொண்டார்கள்.

"மழை வந்துச்சா?" என்று கேட்டேன்.

"நாலு தூத்தல்ணே. அம்புட்டுத்தான்." சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

நான் அந்தப் படகில் இருந்திருந்தால் நானும் எழுந்து நின்று கும்பிட்டிருப்பேன். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மூக்குக்கண்ணாடிக்காரரிடம் கொடுத்துச் சொல்ல வைப்பதே என் பிழைப்பு.

4

(கட்டுரை மாதிரி ஒரு பத்தி. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.)

தனியாக இருப்பது பெரிய கஷ்டமில்லை. பந்தல்குடியில் ரோட்டோரம் என் மாடி அறை. லாரிச் சத்தம் இருக்கிறது, ஒரு ஆளுக்கான உலை சீக்கிரம் கொதிக்கிறது. ஒரு மேகத்தைப் பார்த்ததும் திரும்பி, "பாத்தீகளா?" என்று கேட்க ஆளில்லை பாருங்கள், அதுதான் கஷ்டம்.

5

நேற்று கடையைச் சாத்தும்போது தங்கச்செல்வி தெருவைத் தாண்டி வந்தார்.

"நாளைக்குத் திரும்பப் போறேன். அந்தத் தீவுல கால வைக்காம விடமாட்டேன். வாரீகளா?"*

நான் ஷட்டரைப் பூட்டினேன். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

"மொத பஸ்ஸு. இங்கனயே ஏறி, பக்கத்து சீட்டுல பையப் போட்டு எடம் பிடிச்சிருவேன். பந்தல்குடி வரைக்கும் யாரையும் உக்கார விடமாட்டேன். அதுக்கு மேல என்னன்னு சொல்லி நிப்பாட்ட? நிக்கிறவுக வைவாக."

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

* 'அண்ணே' இல்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவை.

6

முடிவு (அ): பஸ் வருகிறது. ஏறுகிறேன். அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். எழுத இனிக்கிறது, அதனாலேயே பயமாக இருக்கிறது.

முடிவு (ஆ): ஏறவில்லை. யாரோ ஒருவர் அந்த இடத்தில் தூத்துக்குடி வரை தூங்கி விழுகிறார். திங்கட்கிழமை தங்கச்செல்வி என்னை 'அண்ணே' என்கிறார். பத்திரிகைக்காரர்கள் இதைத்தான் விரும்புவார்கள்.

முடிவு (இ): அன்றைக்குப் பார்த்து பஸ்ஸே...

கோழைத்தனம். அடித்துவிட்டேன்.

விடிந்துவிட்டது. சட்டை போட்டாயிற்று. நிறுத்தம் என் சன்னலுக்கு நேர் கீழே. ஹாரன் கேட்கிறது, லாரியாகவும் இருக்கலாம். கதைகளில் எத்தனையோ பேரை எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். ஒரு மாடிப்படியில் என்னை இறக்க எனக்குத் தெரியவில்லை.

முடிவை உங்களிடம் தருகிறேன். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், நன்றாக வராவிட்டாலும் பரவாயில்லை. என்னை மட்டும் இந்த அறையில் விட்டுவிடாதீர்கள்.