சிலுவை அடைத்த குழாய்

மீன்பிடிக்கப் போகும் வள்ளத்தில் ஓட்டை கண்டால் சிலுவைக்குச் சோறு இறங்காது. தேங்காய் நாரைக் குங்கிலியத்தில் முக்கி, அடித்து இறுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். அந்த வள்ளத்தை விற்றுத்தான் வண்டி ஓட்டத் தெரிந்த கோட்டாற்று ரஹீமோடு கூட்டுச் சேர்ந்து குளச்சலில் ஒரு பழைய மோட்டார் வண்டி வாங்கினான்.

வாங்கிய நாள் முதலாக ஒன்று அவன் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ரேடியேட்டர் மூடிக்குக் கீழேயிருந்து ஒரு மெல்லிய குழாய் தரையைப் பார்த்து இறங்கியது. வண்டி சூடானால் போதும், அதில் தண்ணீர் சொட்டும், ஆவி சீறும். விடிந்தால் குழித்துறையில் அதிகாரி வண்டியைப் பரிசோதிக்கப் போகிறார். அவருக்குப் பிடித்தால் குளச்சலுக்கும் குழித்துறைக்கும் இடையே ஆள் ஏற்ற அனுமதி. பிடிக்காவிட்டால் வள்ளமும் போச்சு, பிழைப்பும் போச்சு. ஒழுகுகிற வண்டியையா கொண்டுபோய் நிறுத்துவது? ரஹீம் தொழப் போன நேரம் பார்த்து, சிலுவை அந்தக் குழாயை அடைத்தான். நன்றாகவே அடைத்துத் தொலைத்தான், பாவி.

காலையில் சொந்தபந்தங்களை நிறைய ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஆள் நிறைந்து வரவேண்டும், மாடு கட்டி இழுத்து வரக்கூடாது என்பது அதிகாரியின் கண்டிஷன். கருங்கல் ஏற்றத்தில் வண்டி முக்கியது. 'டப்'பென்று ஒரு சத்தம். என்ஜினுக்குத் தண்ணீர் போகிற ரப்பர் குழாய் வெடித்து, ஆவி முகத்தில் அடித்தது.

ரஹீம் இறங்கிப் பார்த்தான். பார்த்தவன் முகம் கறுத்துப்போனது.

"ஏலே, இந்த ஓவுக் குழாயில நாரை வச்சு அடைச்சது யாரு?"

"நான்தான் மக்கா. ஒழுகிச்சில்லா?"

"கொதிக்கும்போ ஆவி போவதுக்கு உள்ள வழியாக்கும் அது! அடைச்சா அது பின்ன எதுவழியா போவும்? சவத்தெழவே, எல்லாத்தையும் கெடுத்தியே!"

ரஹீம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் ஒருவன், "கெட்டி இழுக்கட்டா?" என்று பல்லைக் காட்டினான்.

"நீ உன் சோலியப் பாத்துக்கிட்டுப் போ," என்றான் சிலுவை. மாடு இழுத்துப் போகிற பேச்சுக்கே இடமில்லை என்று அந்த நிமிஷமே முடிவுகட்டிவிட்டான்.

"வள்ளத்த வித்து அடுப்பு வாங்குனாரு என் மாப்பிள்ள," என்று வண்டிக்குள்ளிருந்து அவன் மனைவி குளோரி முனகினாள். முனகிக்கொண்டே தோளில் கிடந்த துணியைக் கிழித்து நீட்டினாள்.

சூடு ஆறும்வரை காத்திருப்பதுதான் கொடுமை. சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் என்ஜின் விண்டுபோகும் என்று ரஹீம் தடுத்திருந்தான். ஆறியதும் சிலுவை கம்பியை விட்டு நாரைக் குடைந்து எடுத்தான். வெடித்த இடத்தில் துணியைச் சுற்றிக் கயிறால் இறுக்கினான். அப்படியும் கசிந்தது.

"இது குழித்துறை போய்ச் சேராது," என்றான் ரஹீம்.

"சேரும். மூடியைக் கழத்து. நான் முன்னால இருந்து வெள்ளம் விட்டுட்டே வாறேன்."

பக்கத்து வீட்டில் குடமும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு மட்கார்டின் மேல் ஏறி உட்கார்ந்தான். ஒரு கையால் வண்டியின் முன்விளக்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் குடத்தைச் சரித்தான். குடம் காலியானால் ரஹீம் வண்டியை நிறுத்துவான். உள்ளே இருந்தவர்கள் கிணறு தேடி ஓடுவார்கள். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் கொதிநீர் தளும்பி அவன் கையில் தெறித்தது. தோல் பொங்கியது. மாதாவைக் கூப்பிட்டானே தவிர, குடத்தை விடவில்லை.

குழித்துறையில் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார்.

"இவன் எதுக்கு முன்னால இருக்கான்?"

ரஹீம் வாய் திறப்பதற்குள் சிலுவை இறங்கிவிட்டான். "வண்டிக்குக் குத்தமில்ல ஏமானே. நல்லா இருந்த வண்டிய நான்தான் ஆவிக்குழாய அடைச்சுக் கெடுத்தேன்."

அதிகாரி குனிந்து குழாயைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், சக்கரங்களைத் தட்டிப் பார்த்தார். சிலுவையும் கூடவே குனிந்து நிமிர்ந்தான்.

"ரப்பர் குழாயை மாத்திட்டு ஓட்டலாம்," என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணு. இந்த ஆளு இனிமே என்ஜின்ல கைவைக்கப்பிடாது."

சிலுவைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெந்த கைகள் இரண்டையும் தூக்கிக் கும்பிட்டான்.

"பக்கத்துலகூடப் போவமாட்டேன் ஏமானே!"