வயோலா வாசிக்க வேண்டிய இடம்

வயோலா வில்லை அவன் விரல்களுக்குள் வைத்து, தன் கையால் மூடிப் பிடித்தாள் ஷர்மினி. கையை எடுத்ததும் அது நழுவிப் போர்வைமேல் விழுந்தது. மறுபடியும் வைத்தாள். மறுபடியும் விழுந்தது.

"விடு மினி," என்றான் ஹேமநாதன். "நீ வாசி. மூணாவது பாகம்."

பெர்மாஸ் ஜெயா வீட்டின் கூடத்தில், பியானோவுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போடச் சொன்னது அவன்தான். கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவுக்கும் பியானோவுக்குமாகப் போன நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்த சொனாட்டாவைக் கணவனும் மனைவியும் மாலைதோறும் பழகிவந்தார்கள். முதல் இரண்டு பாகங்கள் கைக்கு வந்திருந்தன. மூன்றாவதைத் தொடங்கிய வாரம் அவன் தோளால் வயோலாவைத் தாங்க முடியாமல் போனது.

"நீங்க வாசிக்காம நான் மட்டும் எப்படி?"

"மனசுக்குள்ள வாசிச்சிக்கிறேன்லா."

அவன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா கிருஷ்ணம்மா வாசலைப் பார்த்தாள். சிங்கப்பூரிலிருந்து தம்பி கமலநாதன் வந்துகொண்டிருந்தான். சற்று முன்புதான் போனில் அழுதான். "எல்லைப் பாலத்துல மாட்டிக்கிட்டேன் அண்ணி. ஒரே ஜாம். அண்ணன இருக்கச் சொல்லுங்க."

இருக்கச் சொல்ல ஷர்மினிக்கு வேறு வழி தெரியவில்லை. பியானோ முன் உட்கார்ந்து, குறித்திருந்ததைவிட மெதுவாகத் தொடங்கினாள். கேட்டுக்கொண்டிருக்கிறவன் எப்படிப் பாதியில் போவான்?

வயோலா மட்டும் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. கைகளை மடியில் வைத்துத் தாளத்தை எண்ணினாள். அவன் மூச்சு கேட்டது. இழுத்தது, நின்றது, இழுத்தது. திரும்பிப் பார்த்தாள். மார்பின்மேல் இடது கை விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. சரியான இடத்தில்தான் இருந்தான். அவள் சேர்ந்துகொண்டாள்.

அடுத்தது கடைசிப் பக்கம். அவள் திருப்பவில்லை. அதே பக்கத்தை மேலிருந்து மறுபடியும் வாசித்தாள்.

"மினி... அது முடிஞ்சிருச்சி."

"கமலநாதன் வரட்டும்."

"அடுத்தது போ."

வாசித்துக்கொண்டே இருந்தாள். அவன் மறுபடியும் 'அடுத்தது' என்று சொல்லவில்லை. பயந்துபோய்ப் பக்கத்தைத் திருப்பினாள். சில வரிகளிலேயே பியானோ ஓய்ந்து, மீண்டும் வயோலாவின் முறை வந்தது. எண்ணினாள். மூச்சு கேட்கவில்லை. தான் சேர வேண்டிய இடம் வந்து, கடந்து போனது. முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

"ஷர்மினி," என்றாள் கிருஷ்ணம்மா. மகனின் காலிலிருந்து கையை எடுத்திருந்தாள். "போதும்மா."

"இருங்க அத்தை. அவரு இன்னும் முடிக்கல."

கமலநாதன் வந்தபோது வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. சவப்பெட்டியை வைக்க இடம் வேண்டுமென்று அவனும் அக்கம்பக்கத்து ஆண்களும் பியானோவைத் தள்ளிக் கார் நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அது நின்றிருந்த தரையில் தூசி அப்பிக் கிடந்தது. ஷர்மினி ஈரத்துணியோடு குந்தி உட்கார்ந்து துடைத்தாள். சக்கரங்கள் பதிந்த கறுப்புத் தடங்கள் மட்டும் போகவில்லை.

"அண்ணி, பெட்டிய வெச்சா தெரியாது," என்றான் கமலநாதன்.

அவள் துணியை அலசிக்கொண்டு வந்து மறுபடியும் தேய்த்தாள்.