தராசுக்காரரின் படிவம்

“டெஸ்ட் ரிசல்ட்டை அனுப்பியாச்சே சார். செவ்வாய்க்கிழமை காலையிலேயே போயிடுச்சு. பார்த்துட்டதாகூட காட்டுது” என்றாள் வரவேற்பு மேசைப் பெண். குரலைத் தாழ்த்திப் பேசுவது என்ற வழக்கமே அவளுக்குக் கிடையாது. சிறுநீரகப் பிரிவின் நாற்காலிகளில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். தராசுக்காரர் கருவிப் பையை வயிற்றோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் வரலையேம்மா” என்று முனகினார். அன்று வெள்ளி. மூன்று நாளாக அவர் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். அந்தப் பெண் படிவத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் கையெழுத்துதான். பெயர் சரி, வயது சரி. எண் மட்டும் அவர் மனைவியுடையது.

கை தன் பாட்டுக்கு எழுதியிருக்கிறது. எட்டு வருடமாகப் பழகிய கை அல்லவா? எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை படிவம்! அவள் உள்ளே ஏதோ ஒரு கட்டிலில் படுத்திருப்பாள். இவர் வெளியே அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக நிரப்புவார். பிள்ளை வேண்டும் என்பதற்காக அவர் செய்த வேலை மொத்தமும் இப்படி நிரப்புவதுதான். முதல் வருடமே ஒரு டாக்டரம்மா, “நீங்களும் ஒரு டெஸ்ட் குடுத்துடுங்க” என்றார். “எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்” என்று இவர் சிரித்துவிட்டு வந்தார்.

கடை கடையாகப் போய் எடை இயந்திரங்களைச் சரிபார்ப்பது அவர் தொழில். எடை குறைகிறதே என்று புலம்பும் கடைக்காரரிடமெல்லாம், “சரக்கைத் திட்டாதீங்க, முதல்ல தராசைப் பாருங்க” என்று பெரிய மனிதர் மாதிரி சொல்வார். வீட்டில் மட்டும் அந்த ஞானம் வேலை செய்யவில்லை. அவருடைய அக்கா வந்து, “கோளாறெல்லாம் இவ வயித்துலதான்” என்று மனைவியின் முகத்துக்கு நேரே சொன்னபோது, படித்து முடித்த செய்தித்தாளையே மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

கனமான தராசு ஒன்றைத் தூக்கியபோது இடப்பக்கம் கீழே இழுத்துப் பிடிக்காமல் இருந்திருந்தால் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார். முதல் தடவை வந்தபோது டாக்டர் தொட்டுப் பார்த்தார். குழந்தைகள் எத்தனை என்று கேட்டார். பிறகு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து ஓர் அறைக்கு அனுப்பினார். கதவுக்கு வெளியே ஆட்கள் நடக்கும் சத்தம். உள்ளே டயர் கம்பெனி காலண்டர். அந்த அறையில் அவர் பட்ட பாட்டை யாரிடமும் சொல்ல முடியாது. மனைவியிடம் சொல்லியிருக்கலாம் என்று அப்போது தோன்றியது. அவள் இப்படி எத்தனை அறைக்குள் போய் வந்திருக்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

“விதைப்பையில நரம்பு புடைச்சிருக்கு. ரொம்ப வருஷமா இருந்திருக்கும்” என்றார் டாக்டர் இன்று, முடிவைப் பார்த்தபடி. “உயிரணு இருக்குன்னு பேருக்குத்தான் இருக்கு. சின்ன ஆபரேஷன்தான். ஆறு மாசத்துல எண்ணிக்கை ஏறலாம், ஏறாமலும் போகலாம். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம். வீட்டுல சொல்லிட்டீங்களா?”

“தெரியும் சார்” என்றார் தராசுக்காரர். அது பொய்யும் இல்லை.

வீட்டுக்கு நடந்தே போனார். முடிவைப் பார்த்துவிட்ட பிறகும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வழக்கம்போலக் கதவைத் திறந்தாள், டீ கொடுத்தாள், ரொட்டிக் கடைத் தராசு சரியாயிற்றா என்று கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை, தட்டை வீசியிருந்தால்கூடத் தேவலை. அவருக்குப் பயமாக இருந்தது. இன்று காலை அவளுடைய மாத்திரைப் பெட்டி கழுவித் தொட்டி ஓரம் கவிழ்த்திருந்ததைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. பிள்ளைக்காக அவள் விழுங்கும் மாத்திரைகளுக்கு, கிழமைக்கொன்றாக ஏழு அறை உள்ள பெட்டி அது. வாராவாரம் அதை நிரப்புவதும் அவர்தான். சுத்தம் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

கதவைத் திறந்தவள் அவர் தோளிலிருந்த பையை வாங்கி வைத்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்” என்றார்.

“தெரியும்.”

எட்டு வருடத்துக்கும் சேர்த்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்குள் அவள், “தனியாவா போனீங்க?” என்று கேட்டாள்.

அவர் சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்த ஆபரேஷன் படிவத்தை எடுத்து மேசையில் விரித்தார். உடன் இருப்பவர் என்ற கட்டத்தைத் தவிர எல்லாம் நிரப்பியிருந்தது. அவள் படிவங்களில் எப்போதும் அவர் பெயர் இருந்த கட்டம் அது. பேனாவை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு உட்காராமல் நின்றார்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் எழும்பி எழும்பி விழுந்தது. அவள் உள்ளே போய், காய்ந்திருந்த மாத்திரைப் பெட்டியை எடுத்து வந்து, தாள் பறக்காமல் அதன்மேல் வைத்தாள். ஏழு மூடியும் திறந்தே இருந்தன.